சர்க்கரை ஏறிய பிறகும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?

78 வயது அம்மா விடியற்காலையில் வாய் குழறி, வலது கையைத் தூக்க முடியாமல் கிடந்தார். பக்கவாதம் என்று நினைத்துத்தான் 108-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 34. முதியவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் சில சமயம் இப்படிப் பக்கவாதம்போலவே தோன்றுமாம். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டுவந்த அட்டினோலால் என்ற மாத்திரை, சர்க்கரை இறங்கும்போது வரும் கைநடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிட்டது. மிஞ்சியது வியர்வைதான்; சித்திரை மாதத்தில் வியர்வையை யார் பொருட்படுத்துவார்கள்?

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். கையும் தூக்கினார். மாமா அப்போதே வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். மருத்துவர் விடவில்லை. பில்லை ஏற்றத்தான் பிடித்துவைக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. மதியம் சர்க்கரை மறுபடி 50-க்குக் கீழே வந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

அம்மாவின் மாத்திரைப் பையை மருத்துவர் கட்டிலில் கொட்டச் சொன்னார். வேறு வேறு பெயரில் இரண்டு அட்டைகள். பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டுமே சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு 2 மில்லிகிராம். ஒன்று வழக்கமான மருத்துவர் எழுதியது; மற்றொன்று சித்தி ஊரில் காய்ச்சலுக்குப் போன இடத்தில், பழைய சீட்டைக் கேட்காமலேயே எழுதிக்கொடுத்தது. அம்மா இரண்டையும் ஒழுங்காக விழுங்கிவந்திருக்கிறார். போதாக்குறைக்கு அமாவாசை விரதம் வேறு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, சிறுநீரகம் மந்தமானதால் மருந்தின் எச்சம் உடம்பைவிட்டு வெளியேறவில்லை.

அது உள்ளே இருக்கும்வரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டிக்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் இன்னும் கூடும், சர்க்கரை திரும்ப விழும். குளுக்கோஸ் மட்டும் போதாமல் போனது இதனால்தான். கணையத்தை அடக்க ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியைத் தோலுக்கடியில் போட்டார்கள். மணிக்கொரு முறை விரலில் குத்தினார்கள். மறுநாள் இரவும் ஒருமுறை இறங்கியது. நாங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? டிரிப்பை நிறுத்தி ஒரு முழு நாள் சர்க்கரை நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

புதிய சீட்டில் கிளிமெபிரைடு இல்லை. இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும் என்றார் மருத்துவர். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. இருந்த மாத்திரையையும் நிறுத்துகிறவர் என்ன டாக்டர் என்று, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.