ஆத்தூர் ரயிலும் ஒற்றைத் தண்டவாளமும்

"ஆத்தூர்ல இருந்து சேலத்துக்கு அரை மணிக்கு ஒரு ரயில் விட்டா என்ன?" காலையில் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆத்தூர் வழியாகப் போகும் சேலம்-விருத்தாசலம் பாதையை 2007-ல் அகலப்பாதை ஆக்கியாச்சு, மின்கம்பியும் வந்தாச்சு. ஆனால் தண்டவாளம் ஒற்றை. எதிரே ஒரு வண்டி வந்தால் ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி, அது கடக்கும்வரை நிற்கணும், ஒன்று தாமதமானால் எதிரே வருவதும் தாமதம், அப்புறம் எங்கே அரை மணிக்கு ஒன்று?

அதையும் மீறி சேலம் டவுன், மார்க்கெட் ஸ்டேஷன்களைத் தாண்டி ஜங்ஷன் போனால், சென்னை, ஈரோடு, பெங்களூர், கரூர் வண்டிகளோடு பிளாட்பாரத்துக்கு மல்லுக்கட்டு. வண்டி கூடினால் ரயில்வே கேட் மூடுவதும் கூடும் (சேலம் முள்ளுவாடி கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குப் புரியும்). கூட்டம் இருந்தால் வண்டி என்பார்கள் ரயில்வேக்காரர்கள், வண்டி இருந்தால்தானே கூட்டம்?

அலுவலக நேரத்துக்குக் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு மெமு (குறுகிய தூர மின்சார ரயில்), அதுவும் டவுன் ஸ்டேஷனோடு திரும்பினாலே போதும் என்பது என் கட்சி. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு ஜங்ஷன் வரை வேணுமாம். அயோத்தியாப்பட்டணத்தில் அவருக்கு சீட் கிடைத்தது. எனக்கு இல்லை.