கடைமடைக்காரன் பாலியில்

ஏப்ரல் 6
ஜத்திலுவி வந்து சேர்ந்தாச்சு. பாலித் தீவில், பத்துகாரு மலைச்சரிவில், சுமார் 700 மீட்டர் உயரம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதால் எதையும் பார்க்கவில்லை. தங்கியிருக்கும் வீட்டுக்காரர் விவசாயி. 'பாக்' என்று கூப்பிடுகிறேன், நம்ம 'ஐயா' மாதிரி. பேச்செல்லாம் செல்போன் மொழிபெயர்ப்பில்தான். ராத்திரி சிவப்பரிசிச் சோறு. ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் நெல்லாம்.

ஏப்ரல் 7
மலையை வெட்டிப் படிப்படியாக இறங்கும் வயல்கள். சில வயல் நம் வீட்டுத் திண்ணை அகலம்தான். 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டம். எல்லோரும் பச்சையைப் படம் பிடிக்கிறார்கள். எனக்குக் கண் வாய்க்காலில். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் மடைக்கு எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்கிற ஊர்க்காரன் வேறு எதைப் பார்ப்பேன்?

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கிறது. பேர் தெம்புக்கு. மேல் விளிம்பில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கிறார்கள். ஆழம் ஒன்றுதான், அகலம் வேறு வேறு. யாருக்கு எத்தனை பங்கோ அத்தனை அகலம். ஷட்டர் இல்லை, சாவி இல்லை, இரவும் பகலும் அதுபாட்டுக்குப் பிரிந்து ஓடுகிறது. ஒரு வெட்டில் வாழைச்சருகு சிக்கியிருந்தது. பாக் குனிந்து அதை எடுத்துவிட்டுத்தான் நடந்தார். அவர் பங்கு அல்ல, பக்கத்து வயல்காரருடையது. ஏன் என்றேன். "அங்கே அடைத்தால் என் பக்கம் கூடும். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்."

ஏப்ரல் 8
ஒரே தண்ணீரைக் குடிக்கும் வயல்காரர்கள் சேர்ந்தது சுபக். தலைவர் பெக்காசே. பாலியில் சுமார் 1,200 சுபக் உண்டு. எப்போது நடவு, எப்போது தரிசு என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், அது நீர்க்கோயில் பூஜைகளோடு பிணைந்தது.

ராத்திரியெல்லாம் குடைந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன்: தண்ணீர் முதலில் வருவது மேல்மடைக்கு. அவன் ஏன் கீழே விடணும்? பாக் சொன்னது பூச்சி. கீழே இருப்பவன் தண்ணீர் கிடைத்தபோதுதானே நடுவான்? அப்படி ஆளுக்கொரு நாளில் நட்டால், இங்கே அறுத்ததும் பூச்சி அங்கே தாவும், எலியும் தாவும். எல்லோரும் சேர்ந்து நட்டு, சேர்ந்து தரிசு போட்டால் பூச்சிக்குத் தின்ன ஒன்றுமில்லை. மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவன் தயவு வேண்டும்!

1970-களில் அரசு புது ரக நெல்லைக் கொடுத்து, முறையெல்லாம் வேண்டாம், விடாமல் நடுங்கள் என்றது. புகையான் பூச்சி வந்து பயிரைச் சாய்த்தது. நம்மூர் புகையானேதான். ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பிறகு கணினியில் போட்டுப் பார்த்து, கோயில் முறையில்தான் விளைச்சல் கூடும் என்று காட்டினார். பாக்குக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது, புகையானைத் தெரியும்.

ஏப்ரல் 9
தெம்புக்கு படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். பதில்: "நம்ம வாய்க்கால் தலைப்புல வச்சா அன்னிக்கு ராத்திரியே ரம்பத்தோட போவானுங்க."

பாக்கிடம் மொழிபெயர்த்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், அதற்கும் சுபக்கில் அபராதம் உண்டு என்றார்.