ரெசின் வாசனையும் ஒரு விமானமும்

மண்டபம் ஊரில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவதுதான் என் பிழைப்பு. உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்திலிருந்து ஏதாவது கிளம்பினால் கையில் பிரஷ்ஷோடு அண்ணாந்து நிற்பேன். அதற்குள் மக்கில் ரெசின், அதாவது இழைத் துணியை ஒட்டும் பிசின், இறுகிவிடும்.

அமெரிக்காவில் விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1975-இல் பறக்கவிட்ட வேரிஈஸி விமானமும் நம்ம சரக்குதான்: ஃபோம், கண்ணாடி இழைத் துணி, எபாக்சி என்ற ரெசின். ஃபோமைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்து, மேலே துணியை ஒட்டிவிடுவார்கள். நமக்குப் படகுக்கு அச்சு வேண்டும், அதற்கு வேண்டாம். பெரிய மிச்சம் அது. வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பலர் கட்டினார்கள். வோக்ஸ்பிளேன் என்று இன்னொன்று. ஒட்டுப்பலகை உடம்பு, வோக்ஸ்வேகன் கார் எஞ்சின்!

மாமாவிடம் சொன்னேன். "படகுல எஞ்சின் நின்னா நங்கூரம் போடலாம் மாப்ள. அங்க எதைப் போடுவ?" என்றார்.