இன்னைக்கு ராத்திரி மட்டும்

"ஆர்சிசிபி நிக்க மாட்டேங்குது சார். பைபாஸ் பண்ணி எம்சிபில இருந்து நேரா குடுத்துடட்டுமா? உள்ள குழந்தை இருக்கு."

"இன்னைக்கு ராத்திரி மட்டும்ணே. காலையில பாத்துக்கலாம்."

நடந்த பேச்சு இவ்வளவுதான். ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்; எம்சிபி, அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால்தான் விழும். பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு சைட், அக்டோபர் மழை, காவலாளி குடும்பம் தங்கியிருந்த தகரக் கேபின், இரவு எட்டரை மணி. போனில் கேட்டவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த எலக்ட்ரீஷியன், கிருஷ்ணகிரிக்காரர். சரி என்று சொன்னது நான்.

ஒரு ராத்திரி ஒன்பது ராத்திரியாக நீண்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

தனியாகப் பார்த்தால் அந்த "சரி" பெரிய தவறாகத் தெரியாது. அதற்கு மூன்று வாரம் முன்பு நான் சொன்ன இன்னொரு "சரி"யோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சைட்டுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிபியிலிருந்து கேபினுக்கு 60 மீட்டர். பழைய வேலையில் மீந்த 2 கோர் கேபிள் ஸ்டோரில் கிடந்தது; ஃபேஸ், நியூட்ரல் மட்டும்தான், எர்த் ஒயர் கிடையாது. "எர்த்துக்குக் கேபின்கிட்டயே ராடு அடிச்சுக்கலாம் சார்" என்றார் அண்ணன். ஒத்துக்கொண்டேன். டிபியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தது. அதை நம்பித்தான் ஒத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கைப் பல சைட்டில் யாரும் போடுவதில்லை. நம் செம்மண்ணில், கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும் இடத்தில், மண்ணில் அடித்த ஒற்றை ராடு 50 ஓம் காட்டுவது சாதாரணம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்துக்கு ஒரு 2 ஓம் வைத்துக்கொள்ளுங்கள். கேபினுக்குள் ஒரு ஃபேஸ் ஒயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால், 230ஐ 52ஆல் வகுக்க, ஓடும் கரண்ட் சுமார் 4.4 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு கெட்டில் எடுக்கும் லோடைவிடக் குறைவு, ஆயுசுக்கும் ட்ரிப் ஆகாது. அந்த நேரம் முழுக்கக் கேபினின் சுவரும் கதவும் கைப்பிடியும் 220 வோல்ட்டில் நிற்கும். ஆர்சிசிபி இருந்தால் கதை வேறு. தகரத்தில் வோல்டேஜ் ஒன்றரை வோல்ட் ஏறும் அளவுக்குக் கரண்ட் கசிந்தாலே லைனை வெட்டிவிடும். ராடை மட்டும் நம்பிய கேபினில் உயிரைக் காப்பது ஆர்சிசிபி ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் ராடு வெறும் இரும்பு.

மூன்றாவது கோர் இழுத்து, எர்த்தை டிபி வரைக்கும் கொண்டுபோயிருந்தால் எம்சிபியே வேலை செய்திருக்கும். அதிலும் சைஸ் முக்கியம். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கிலோமீட்டருக்கு 7.41 ஓம், போக வர 120 மீட்டருக்கு 0.89. டிபி வரைக்கும் அரை ஓம் இருந்தால் மொத்தம் 1.39 ஓம், ஃபால்ட் கரண்ட் 165 ஆம்பியர். 16 ஆம்பியர் சி கர்வ் ரக எம்சிபி உடனே விழுவதை உறுதியாகச் சொல்ல அதன் பத்து மடங்கு, 160 வேண்டும். ஒயர் சூடானால் அந்த விளிம்பும் போய்விடும். 4 ஸ்கொயர் போட்டால் 218 ஆம்பியர் வரும், தைரியமாக இருக்கலாம். 10 ஆம்பியர் லோடில் வோல்டேஜ் இறக்கமும் 9 வோல்ட்டிலிருந்து ஐந்தரைக்குக் குறையும். இப்போது எந்தக் கேபினுக்கும் 4 ஸ்கொயர், 3 கோர் ஆர்மர்டு கேபிள்தான் எழுதுகிறேன். முக்கால் மீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல், இரண்டு முனையிலும் கேபிளைப் பெட்டியோடு இறுக்கும் பித்தளை கிளாண்ட். ஆர்சிசிபியும் கட்டாயம்.

அன்றைக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாதவனாக நான் இல்லை.

என் பக்க நியாயமும் உண்டு, அது பொய்யல்ல. கேபினுக்குள் பிளைவுட் லைனிங், அதற்குப் பின்னால் தெர்மகோல். லைட் இல்லாவிட்டால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் பெட்டியில் மெழுகுவத்தியா, பைபாஸா என்றால் பைபாஸ் என்று அந்த நொடியில் தோன்றியது. ஸ்டோர் பூட்டியிருந்தது. நான் ஒயிட்ஃபீல்டில் இன்னொரு சைட்டில் இருந்தேன். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரும் என்னிடம்தான் இருந்தது.

ஆனால் மெக்கர் இல்லாமலே இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ளும் வழி ஒன்று இருந்தது. கேபின் முனையில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எம்சிபியை மட்டும் ஆஃப் செய்தால் போதாது, ஏனென்றால் நியூட்ரல் எர்த்தில் படுவதும் ட்ரிப் செய்யும். கழற்றிய பிறகும் விழுந்தால் கோளாறு கேபிளில்; நின்றால் கேபினுக்குள். "அதைச் செய்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கேபிள்தான் என்று அப்போதே தெரிந்திருக்கும். அதே ஆர்சிசிபியை டிபியிலிருந்து கழற்றி, கேபின் வாசல் பெட்டியில் போட்டிருக்கலாம். கசியும் கேபிள் அதற்கு முன்னால் போய்விடும், கேபினுக்குள் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். கேபிள் போகும் தடத்தை இரவுக்கு மட்டும் கயிறு கட்டி மறித்தால் போதும். மொத்தத்தில் இருபது நிமிட வேலை.

இந்த யோசனை எனக்கு வந்தது மூன்றாம் நாள். அப்போதும் சொல்லவில்லை. நாளைக்குக் கேபிளையே மாற்றப் போகிறோமே என்று நினைத்தேன். மறுநாள் கான்கிரீட், அதற்கு மறுநாள் மழை. முதல் ராத்திரியை எப்படியாவது நியாயப்படுத்திவிடுகிறேன். மூன்றாவது நாளுக்கு என்னிடம் பதில் கிடையாது.

பத்தாம் நாள் நானே மெக்கரோடு போனேன். 500 வோல்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது ஒரு மெகாஓம் வேண்டும், முள்ளே எழவில்லை. 38ஆவது மீட்டரில், டிப்பர் லாரி திரும்பும் இடத்தில், ஒரு ஜாயிண்ட். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி, பிவிசி பைப்புக்குள் விட்டிருந்தார்கள். பைப் நிறையத் தண்ணீர். 30 மில்லிஆம்பியர் கசிய 7.7 கிலோஓம் போதும், ஈரமான டேப்புக்கு அது பெரிய காரியமில்லை.

ஜாயிண்ட்டை விடவும் என்னை உலுக்கியது கேபின் சுவர். ராடிலிருந்து வந்த பச்சை ஒயரைப் பெயின்ட் மேலேயே திருகியிருந்தார்கள். மல்டிமீட்டரில் வைத்தால் தகரத்துக்கும் ராடுக்கும் தொடர்பே இல்லை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் அழகாக விழும். அது தனக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாகத்தான் சோதித்துக்கொள்கிறது, எர்த் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு லக் வைத்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, மேலே மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். கதவுக்குத் தனியாக ஒரு ஒயர், ஏனென்றால் கீலை நம்ப முடியாது.

நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது காவலாளியின் மனைவி பிளாஸ்டிக் பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டுக் குளிக்கத் தண்ணீர் வைத்திருந்தார். 1500 வாட். ஒன்பது நாளும் அப்படித்தான் வைத்திருக்கிறார். ஈரத் தரை, வெறுங்கால், பக்கத்தில் குழந்தை. கேபின் லோடு என்று நான் எழுதியிருந்தது ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு சார்ஜர். அக்டோபர் குளிரில் வெந்நீர் இல்லாமல் யார் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மெழுகுவத்தி ஆபத்து என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். இருட்டில் விட்டிருந்தால் வேறு ஏதாவது நடந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தேன், வைத்தது என்னவென்று அந்தக் குடும்பத்திடம் சொல்லக்கூட இல்லை. "பக்கெட்டில் ராடு போடாதீங்க, சுவரைத் தொட்டா சுருக்குனா உடனே வெளிய வந்து கூப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன மாதம் அண்ணன் வேறொரு சைட்டிலிருந்து கூப்பிட்டார். மழை, கேபின், ஆர்சிசிபி நிற்கவில்லை.

"மூணாவது கோர் இருக்காண்ணே?"

"இல்ல சார், ராடுதான்."

"அப்ப வேண்டாம். கேபின்கிட்ட ரெண்டு ஒயரையும் கழட்டிட்டுத் தூக்கிப் பாருங்க. அப்பவும் விழுந்தா ஆர்சிசிபிய அங்க கொண்டுபோய்ப் போடுங்க. முடியலன்னா லைனை நிறுத்திட்டு ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கிக் குடுங்க, காசு நான் தரேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தகரத்தில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது.

"அன்னைக்கு நீங்கதானே சார் குடுக்கச் சொன்னீங்க. ஒண்ணும் ஆகலையே" என்றார்.