டி குறைவு, எஸ் அதிகம்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு லைன் மேற்பார்வையாளர் வேலை கேட்டு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்கு முன்பு டிஸ்க் (DISC) என்ற நடத்தை மதிப்பீடு எழுதச் சொன்னார்கள். அதன் முடிவு போன வாரம் கிடைத்தது. டி (ஆதிக்கம்) மிகக் குறைவு, எஸ் (நிதானம்) மிக அதிகம். பொறுமையானவர், குழுவோடு ஒத்துப்போவார், மோதலைத் தவிர்ப்பார், விரைந்து முடிவெடுக்கும் பொறுப்பில் திணறக்கூடும் என்று அறிக்கை சொல்கிறது.

அறிக்கையைக் கேட்டுத்தான் வாங்கினேன். நீங்களும் கேளுங்கள். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பார்க்கும் உரிமை இருக்கிறது.

பொறுமை, ஒத்துப்போவது எல்லாம் சரி. பாடாங் செராயில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

டிஸ்க் என்பது நான்கு எழுத்து. டி என்றால் ஆதிக்கம், ஐ என்றால் பிறரை ஈர்ப்பது, எஸ் நிதானம், சி ஒழுங்கும் கவனமும். இந்த நான்கு வகைப் பிரிவுக்கு அடித்தளம் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல் எழுதிய நூல். அவர் கேள்வித்தாள் எதையும் உருவாக்கவில்லை. அதை ஆள் எடுக்கும் கருவியாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

கேள்வி வரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நான்கு சொற்கள் கொடுப்பார்கள். உங்களுக்கு மிகவும் பொருந்துவது ஒன்று, கொஞ்சமும் பொருந்தாதது ஒன்று என்று குறிக்க வேண்டும். பொறுமையும் துணிவும் ஒரே வரிசையில் வந்தால் ஒன்றைத்தான் முதலில் வைக்க முடியும். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். ஆக, எனக்குள் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதைத்தான் அந்தத் தாள் காட்டுகிறது. பக்கத்து நாற்காலியில் எழுதியவரைவிட எனக்குத் துணிவு குறைவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆள் எடுப்பது என்பதே ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும் வேலைதானே?

இப்போது இருக்கும் தொழிற்சாலையில் ஒரு இரவு ஷிப்ட். அனுப்பத் தயாராக இருந்த ஒரு லாட்டில் (ஒரே தொகுதியாகச் செய்த பொருட்கள்) சில துண்டுகளின் விளிம்பு எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜினியர் போகட்டும் என்றார். நான் சத்தம் போடவில்லை. லாட்டை அனுப்பாமல் நிறுத்திவைத்து, சீட்டில் காரணத்தை எழுதி, என் பெயரையும் போட்டுவிட்டு, காலையில் மேலாளர் வரும்வரை காத்திருந்தேன். பரிசோதித்ததில் குறை உறுதியானது. இது டி-யா, எஸ்-ஸா? நிதானமாகச் சொன்னதால் அது முடிவு இல்லை என்று ஆகிவிடுமா?

அறிக்கையின் புகழ்ச்சி வரிகளிடமும் எனக்குச் சந்தேகம் உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, ஆளுக்கொரு குணக் குறிப்பு கொடுத்தார். பொருத்தத்துக்கு 5க்குச் சராசரியாக 4க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள் மாணவர்கள். அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. பெரும்பாலும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்! 'என்னை அப்படியே சொல்லியிருக்கிறது' என்று நமக்குத் தோன்றுவது அந்தத் தாளுக்குச் சான்று ஆகாது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறும் முன்பு அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். புதிதாக ஆள் வந்தால் மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) என்ன செய்வார் என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் வெட்ட விடுவாரு, அப்புறம் வந்து பட்டையைப் பார்ப்பாரு."

கத்தி ஆழமாக இறங்கினால் உள்ளே காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. அப்படிக் காயம் இல்லாமல் வெட்டுகிறவருக்குத்தான் இளமரங்கள் இருக்கும் நிரையைக் கொடுப்பாராம். வேலைக்கு முன் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது யார் அதிகம் பேசுகிறார், யார் பேசாமல் நிற்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஆள் தேர்வு ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதிய கட்டுரையில், வேலையையே செய்து காட்டும் சோதனையும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்முகமும் மேல் வரிசையில் இருக்கின்றன. நடத்தைத் தாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்முகத்தில் 'இங்கே இப்படி வந்திருக்கிறதே, ஓர் உதாரணம் சொல்லுங்கள்' என்று கேட்க அது உதவும். அதை வைத்தே ஒருவரை வெளியே நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்த கையோடு லைனில் நின்று வேலை கற்ற நம் பெண்கள் நிறையப் பேர் என்னைப் போலத்தான் எழுதுவார்கள். வீட்டிலும் பள்ளியிலும் பொறுமைக்குத்தானே நம்மைப் பாராட்டினார்கள்.

அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். லாட் நிறுத்திய சம்பவத்தை எழுதி, அரை ஷிப்ட் லைனில் நிற்க விடுங்கள், ஒரு பிரச்சினையைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. எந்த லைன் என்று இன்னும் சொல்லவில்லை.