குடிக்கலாமா என்று கேட்டார்

“உங்கள் கிணற்றில் எடுத்த நீர் மாதிரியில் பென்சீன் இல்லை அம்மா” என்றுதான் சொன்னேன். “அப்படியானால் குடிக்கலாம்தானே தம்பி?” என்று கேட்டார். “மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிடலாம்” என்றேன். அவர் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் இருக்க வேண்டும். நான் சொன்னதில் இரண்டும் இல்லை.

மூடிய பெட்ரோல் நிலையத்தின் சுவரை ஒட்டி, நிலத்தடி நீரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் போட்ட கண்காணிப்புக் கிணற்றில், பெட்ரோலில் உள்ள பென்சீன் இருந்தது. அதில் சந்தேகமில்லை, மூடியைத் திறந்ததுமே பெட்ரோல் நெடி அடித்தது. அந்த அம்மாவின் கிணறு சற்றுத் தள்ளி இருந்தது. அங்கே நெடி இல்லை. “மோந்து பார்த்தேன், நல்ல தண்ணீர்தான்” என்று அவரே முதலில் சொன்னார். மூக்கை நம்ப வேண்டாம் என்று அப்போதே விளக்கினேன். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பென்சீன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. மனித மூக்குக்கு அது தெரிய, அதைப்போல் சில நூறு மடங்காவது வேண்டும். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள் என்பதையும் மறைக்கவில்லை.

மாதிரி எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றார். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் நீர் விளிம்புக்கு மேல் மேடாக நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்த்தேன். சிறு குமிழி ஒன்று மேலே ஓடியது. அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தேன். “ஒரு குமிழிக்காகவா?” என்றார். பென்சீன் எளிதில் ஆவியாகும், அந்தக் காற்றுக்குள் போய்விட்டால் அளவு குறைத்துக் காட்டும் என்றேன். அந்தக் கவனத்தைப் பார்த்துத்தான் என் வாயிலிருந்து வரும் பதிலுக்கு அவர் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொன்னது சரிதான். பெட்ரோல் நீரைவிட இலேசானது. நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கி மண்ணில் பூசிக்கொண்டு போகும். கோடையில் ஒன்றும் காட்டாத கிணறு மழைக்குப் பின் காட்டலாம். எங்கள் மூன்று கிணறுகளின் மட்டத்தை வைத்துப் பார்த்தால் நீரோட்டம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் அவர் கிணற்று மோட்டார் நெடுநேரம் ஓடினால் சுற்றியுள்ள நீர் அதை நோக்கித் திரும்பும். இவ்வளவும் தெரிந்த ஒருவன் ஒரு நாள் மாதிரியை வைத்துக்கொண்டு “குடியுங்கள்” என்று எப்படிச் சொல்வான்?

அதே நேரம், “குடிக்காதீர்கள்” என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றுவிடுகின்றன. பல இடங்களில் கசிவு சில நூறு அடிக்குள் அடங்கிவிடும். அந்தக் கிணற்றை அது ஒருபோதும் எட்டாமலே போகலாம். அந்த வீட்டுக்கு வேறு கிணறு கிடையாது. வெறும் ஐயத்தின் பேரில் அதை மூடச் சொல்வதும் சிறிய காரியமல்ல.

“நம் வேலை அளவைச் சொல்வது, குடிக்கலாமா என்பதைச் சுகாதாரத் துறை சொல்லட்டும்” என்றார் என் மூத்த அதிகாரி. அறிக்கை அவர்களுக்கும் போயிருக்கிறது. முறைப்படி அதுதான் சரி. இன்னொருவர் இப்படி நடந்துகொண்டிருந்தால் நானும் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் அந்த அம்மா துறையிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

நானாக இருந்தால் குடித்திருப்பேனா? குடித்திருப்பேன் என்றே நினைக்கிறேன். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதற்குக் கொடுத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டால் தயங்குகிறேன். இந்த இரண்டையும் அப்படியே அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. அறிக்கையில் இடமில்லாத என் தயக்கத்தை அவர் தலையில் இறக்கி வைக்க எனக்கு என்ன உரிமை என்று வேறு சில நாள் தோன்றுகிறது.

அடுத்த மாதிரி மழைக்குப் பிறகு. அன்று வீட்டு மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகே குப்பியை நிரப்ப வேண்டும் என்று திட்டத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை.