பத்து யூரோவும் எகாலித்தேயும்

பாரிஸில் பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் சீட்டு மேசையில் நின்றபோது வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. 2026 ஜனவரி முதல் அங்கே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியினருக்கு (ஐரோப்பிய ஒன்றியத்தோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாடுகளும் சேர்ந்தது) 22 யூரோ, மற்றவர்களுக்கு 32 யூரோ. நம் பணத்தில் 3,000 ரூபாய்க்கு மேல் ஆகும் அத்தொகையைச் செலுத்தியபோது, கையில் மிஞ்சிய 2 யூரோ நாணயத்தில் ‘எகாலித்தே’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தது.

‘லிபெர்த்தே, எகாலித்தே, ஃப்ரத்தெர்னித்தே’ (சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்) என்னும் பிரான்சின் தேசிய முழக்கத்தின் நடுச்சொல் அது. 1880 ஜூலை 14 முதல் அரசுக் கட்டடங்களின் முகப்பில் இம்மூன்று சொற்களையும் எழுதிவந்திருக்கிறார்கள். நான் தங்கியிருந்த தெருவின் ஆரம்பப் பள்ளி வாசலிலும் இருந்தன. நாம் எகாலித்தேயைச் ‘சமத்துவம்’ என்கிறோம். அதன் வேரான லத்தீன் சொல்லுக்கோ மேடு பள்ளமில்லாத மட்டம் என்றும் பொருள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் கால அச்சுப் படங்களில் எகாலித்தே ஒரு பெண்ணாக, கொத்தனார்கள் பயன்படுத்திய, தூக்குக்குண்டு தொங்கும் முக்கோண மட்டத்தை ஏந்தி நிற்பதன் காரணம் அதுதான்.

இதையெல்லாம் விளங்கிக்கொள்ள மறுநாள் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குப் போனேன். நகரின் வரலாற்றைச் சொல்லும் இந்த இடத்தின் நிரந்தரக் காட்சிக்கு எந்த நாட்டவருக்கும் கட்டணமில்லை என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல! 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் ஓவியப் பலகை அங்கே இருக்கிறது. மனிதர்கள் உரிமைகளில் சமமானவர்களாகப் பிறந்து அவ்வாறே இருக்கிறார்கள் என்கிறது முதல் பிரிவு. காத்தாலும் தண்டித்தாலும் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது ஆறாம் பிரிவு. அந்த ‘எல்லோரில்’ பெண்கள் இல்லை என்பதைக் கண்டு 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் த கூஜ் 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1944இல்தான். அந்தப் பலகையின் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

மாலையில் ஒரு காப்பிக் கடைக்குப் போனேன். உட்கார்ந்து குடித்தால் விலை கூடும் என்பதால் நின்றபடியே குடித்தேன். தொலைக்காட்சியில் ஓடிய டென்னிஸ் ஆட்டத்தில் புள்ளிகள் நாற்பதுக்கு நாற்பது என்று நின்றதும் நடுவர் “எகாலித்தே” என்றார். நாம் ‘டியூஸ்’ என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சர்க்கரை வேண்டுமா என்று பணியாளர் கேட்டதற்குப் பக்கத்தில் நின்றவர் “சா மெத்தேகால்” என்றார்; ‘எனக்கு இரண்டும் ஒன்றுதான்’ என்று பொருள். அதன் முடிவில் ஒலிப்பது ‘சமம்’ எனப் பொருள்படும் ‘எகால்’. கணக்கில் வரும் சமக்குறிக்கும் எகால் என்றுதான் பெயர். நாணயத்தில் கனத்து நிற்கும் சொல் வாய்ப்பேச்சில் இவ்வளவு இயல்பாகப் புழங்குவது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆகவேதான் அந்தப் பத்து யூரோ வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. வரி செலுத்துபவர்களுக்குச் சலுகை என்று ஒருவர் விளக்கம் தரலாம்; நார்வேக்காரரும் போலந்துக்காரரும் பிரான்சுக்கு எந்த வரி செலுத்துகிறார்கள்? பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும் குறைத்திருந்தால்கூட அந்த விளக்கத்தை ஒப்புக்கொண்டிருப்பேன். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து விலை சொல்வது அந்த முக்கோண மட்டத்தைச் சாய்த்துப் பிடிப்பதேயாகும்.

போகிறவர்களுக்கு: கார்னவாலேவுக்கு மெட்ரோ முதல் தடத்தில் சென்று சேன் போல் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. புரட்சி அறைகளுக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.